சர்வருக்குள் டிஸ்க் மாற்றுவது ஒப்பந்தத்தின் ஓரத்தில் செய்யும் வேலை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

‘சர்வர் பராமரிப்புப் பணி நடைபெறுவதால் சேவை தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது’ என்று ஒரு தாளில் அச்சடித்துக் கவுன்டர் கண்ணாடியில் ஒட்டியிருப்பதை உங்கள் வாசகர்களில் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன வேலை நடக்கிறது என்பதை அலுவலகங்கள் சொல்வதில்லை; நாளிதழ்களும் பெரும்பாலும் கேட்பதில்லை. சர்வர் அறைகளிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த அறிவிப்புகளில் கணிசமானவற்றின் பின்னால் இருப்பது, சர்வருக்குள் உள்ள டிஸ்க்குகளைக் கூட்டுவது, பெரியவையாக மாற்றுவது, வேறு அமைப்பில் அடுக்குவது ஆகிய வேலைகள்தாம். ஒரு நிறுவனத்தின் மொத்தப் பதிவேடும் தங்கியிருக்கும் இடத்தில் கைவைக்கும் இந்த வேலை, நம் ஊர்களில் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தின் ஓரத்தில், ‘வரும்போது அதையும் பார்த்துவிட்டுப் போங்கள்’ என்ற அளவில் நடக்கிறது. அதற்கென்று எழுதப்பட்ட வேலைத்திட்டமும், தனியாக ஒதுக்கிய செலவும், ‘இன்றைக்கு வேண்டாம், நிறுத்துங்கள்’ என்று சொல்லும் அதிகாரமுள்ள ஒரு பொறுப்பாளரும் இருக்க வேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பழைய சர்வரைக் கழித்துவிட்டுப் புதியது வாங்க வேண்டும் என்பது என் வாதம் அல்ல. ஐந்தாறு ஆண்டுகள் ஓடிய சர்வரின் பிராசஸரும் நினைவகமும் ஒரு நடுத்தர அலுவலகத்தின் வேலைக்கு இன்னும் தாராளமாகப் போதும்; போதாமல் போவது இடம்தான். கோப்புகள் எல்லாம் ஸ்கேன் செய்யப்படுகின்றன; மருத்துவமனைகளில் எக்ஸ்-ரே படங்கள் ஃபிலிமை விட்டு டிஸ்க்குக்கு வந்துவிட்டன. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவில், கணினி அமைப்புகளில் எப்போது என்ன நடந்தது என்று குறிக்கும் லாக் பதிவுகளை 180 நாட்களுக்கு இந்தியாவுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று கூறிய பிறகு, அதுவரை சில வாரங்களில் அழிக்கப்பட்டு வந்த பதிவுகளும் இடம் கேட்கத் தொடங்கின. அதே நேரத்தில், வாங்கும்போது எட்டு டிஸ்க்குகளைச் சொருகும் சிறு அறைகளோடு வந்த பல சர்வர்களில் கூடுதல் அறைகளைப் பொருத்தி இருபத்து நான்கு டிஸ்க்குகள் வரை கொண்டுபோக வழியிருக்கிறது. புதிய சர்வருக்குக் கொடுக்கும் விலையில் ஒரு பகுதியைச் செலவிட்டு இருப்பதை விரிவாக்குவது மக்கள் பணத்தை மிச்சப்படுத்தும் நல்ல முடிவு. நல்ல முடிவாக இருப்பதால்தான் அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்கிறேன்.

சர்வரின் முன்பக்கத்தில் வரிசையாகத் தெரியும் சிறு அறைகளை டிரைவ் பே என்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு டிரே. அதில் இரண்டரை அங்குல அல்லது மூன்றரை அங்குல டிஸ்க். டிரேயை உள்ளே தள்ளினால் அது பேக்பிளேன் என்ற பலகையில் போய்ப் பொருந்தும். அங்கிருந்து கேபிள் வழியாக ரெய்டு கன்ட்ரோலர் என்ற அட்டையை அடையும். விண்டோஸோ லினக்ஸோ இந்த டிஸ்க்குகளைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை; கன்ட்ரோலர் பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே டிஸ்க்காகக் காட்டுவதைத்தான் பார்க்கிறது. தரவின் எந்தத் துண்டு எந்த டிஸ்க்கில் எந்த வரிசையில் இருக்கிறது என்ற கணக்கு, கன்ட்ரோலரிடமும் ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதற்கென ஒதுக்கிய சிறு பகுதியிலும் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே, ஒரு டிரேயை இழுத்துவிட்டு இன்னொன்றைத் தள்ளுவதாக வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும் வேலை, உண்மையில் அந்தக் கணக்கைத் திருத்தி எழுதும் வேலை. திருத்தம் பாதியில் நின்றாலோ, தவறான பதிலைக் கொடுத்துத் திருத்தினாலோ, டிஸ்க்குகள் எல்லாம் நல்ல நிலையில் இருந்தும் அவற்றில் உள்ளது எதுவும் படிக்க முடியாததாகிவிடும்.

இந்த அடுக்குமுறைக்கு ரெய்டு என்ற பெயரையும் வகைகளையும் கொடுத்தது, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் 1988ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. இன்று நடைமுறையில் அதிகம் காணப்படுபவை மூன்று. நான்கு டெராபைட் டிஸ்க்குகள் எட்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரெய்டு 5 முறையில் அடுக்கினால் 28 டெராபைட் இடம் கிடைக்கும். ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு பிழைக்கும். ரெய்டு 6 முறையில் 24 டெராபைட் கிடைக்கும். எந்த இரண்டு டிஸ்க்குகள் செத்தாலும் பிழைக்கும். ரெய்டு 10 முறையில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு நகல் இருப்பதால் 16 டெராபைட்தான் கிடைக்கும். ஆனால் எழுதும் வேகம் அதிகம். ஒரு சிறு பதிவை எழுத ரெய்டு 5 நான்கு முறையும் ரெய்டு 6 ஆறு முறையும் டிஸ்க்கைத் தொட வேண்டியிருக்க, ரெய்டு 10க்கு இரண்டு முறை போதும். பணப் பரிவர்த்தனைத் தரவுத்தளத்துக்கு எதை வைப்பது, ஸ்கேன் செய்த கோப்புகளுக்கு எதை வைப்பது என்பது இந்தக் கணக்கிலிருந்துதான் முடிவாக வேண்டும்.

நடப்பது வேறு. நான் படித்த பல கொள்முதல் அறிவிப்புகளில் ‘பயன்படுத்தக்கூடிய இடம் குறைந்தது 24 டெராபைட்’ என்ற ஒற்றை வரிதான் இருக்கும். அதே நான்கு டெராபைட் டிஸ்க்குகளை வைத்து இந்த நிபந்தனையை ரெய்டு 6 முறையில் நிறைவேற்ற எட்டு வேண்டும். ரெய்டு 5 முறையில் ஏழே போதும். குறைந்த விலைப்புள்ளிக்கே ஆர்டர் என்னும்போது, எட்டாவது டிஸ்க்கைச் சேர்த்துப் பாதுகாப்பாகத் திட்டமிட்ட நிறுவனம் தோற்றுப்போகிறது. யாரும் விதியை மீறவில்லை, யாரும் லஞ்சம் வாங்கவில்லை. அறிவிப்பில் எழுதாமல் விட்ட ஒரு வரியே அந்த அலுவலகத்தின் பத்தாண்டுப் பதிவேட்டைக் குறைந்த பாதுகாப்பில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. விலை எப்படி ஒப்பிடப்பட வேண்டும் என்பதில் அது காட்டும் கண்டிப்பை, எதற்கு விலை கேட்கிறோம் என்பதை எழுதுவதில் நம் தொழில்நுட்பக் குழுக்களும் காட்ட வேண்டும்.

ரெய்டு 5 ஏன் இன்று போதாது என்பதை விளக்கிவிடுகிறேன். ஒரு டிஸ்க் செத்தால் அதற்குப் பதிலாகப் புதியதைச் சொருகியதும், மீதியுள்ள எல்லா டிஸ்க்குகளையும் தொடக்கம் முதல் இறுதிவரை படித்து, செத்த டிஸ்க்கில் என்ன இருந்தது என்பதைக் கன்ட்ரோலர் கணக்கிட்டுப் புதியதில் எழுதும். இதைத்தான் ரீபில்டு என்கிறோம். நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் எழுதினாலும் நான்கு டெராபைட் டிஸ்க் ஒன்றுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அலுவலகம் வேலை செய்துகொண்டிருக்கும் சர்வரில் அது ஒரு நாளையும் தாண்டலாம். அந்த நேரம் முழுவதும் ரெய்டு 5 அமைப்புக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. சாட்டா என்ற இணைப்பு வகையைச் சேர்ந்த சாதாரண டிஸ்க்குகளைச் செய்பவர்கள், பத்தின் பதினான்காம் அடுக்கு அளவுள்ள பிட்டுகளைப் படிக்கும்போது அதிகபட்சம் ஓர் இடம் படிக்க முடியாமல் போகலாம் என்று தங்கள் விவரக்குறிப்பிலேயே எழுதுகிறார்கள். அந்த அளவு 12.5 டெராபைட். எட்டு டிஸ்க் ரெய்டு 5 அமைப்பை ரீபில்டு செய்யப் படிக்க வேண்டியதோ 28 டெராபைட். சர்வருக்கென்று செய்யப்படும் உயர்தர டிஸ்க்குகளில் இந்த எல்லை பத்து மடங்கு நல்லது. நடைமுறையில் டிஸ்க்குகள் இந்த எல்லையைவிட மேலாகவே நடந்துகொள்கின்றன என்பதும் உண்மை. ஆனாலும், கடைசி நம்பிக்கையாக இருக்கும் அந்தச் சில மணி நேரத்தை இத்தகைய கணக்கின்மேல் ஒரு பொது நிறுவனம் பணயம் வைக்கக் கூடாது. இரண்டு டெராபைட்டுக்கு மேற்பட்ட சுழலும் டிஸ்க்குகளை ரெய்டு 5 முறையில் அடுக்கும் எந்தத் திட்டத்துக்கும் கையெழுத்திட வேண்டாம் என்றே நான் இளைய பொறியாளர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன்.

இரண்டு டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் எப்படிச் சாகும் என்று கேட்பவர்கள் 2019 நவம்பரில் சர்வர் தயாரிப்பாளரான எச்.பி.இ. நிறுவனம் தானே வெளியிட்ட எச்சரிக்கையைப் படிக்க வேண்டும். அந்நிறுவனத்தின் சர்வர்களிலும் சேமிப்பகங்களிலும் பொருத்தப்பட்ட சாஸ் என்ற இணைப்பு வகையைச் சேர்ந்த குறிப்பிட்ட சில எஸ்.எஸ்.டி.க்கள் (சுழலும் பாகமின்றிச் சில்லுகளில் தரவை வைக்கும் டிஸ்க்குகள்), அவற்றை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரின் பிழையால், மின்சாரத்தில் 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழந்துவிடும் என்று அது அறிவித்தது. அதாவது மூன்று ஆண்டுகள், 270 நாட்கள், எட்டு மணி நேரம். செயலிழந்த பிறகு அந்த டிஸ்க்கையோ அதிலிருந்த தரவையோ மீட்க முடியாது என்றும், ஒரே நேரத்தில் பயன்பாட்டுக்கு வந்தவை ஏறத்தாழ ஒரே நேரத்தில் சாகக்கூடும் என்றும் அந்த அறிவிப்பே கூறியது. 2020 மார்ச்சில் வேறு சில மாடல்களுக்கு 40,000 மணி நேர எல்லையோடு இன்னோர் எச்சரிக்கை வந்தது. திருத்திய ஃபர்ம்வேரை முன்கூட்டியே ஏற்றியவர்களுக்கு எந்தச் சேதமும் இல்லை.

ஒரே பெட்டியில் வந்த எட்டு டிஸ்க்குகளை ஒரே மாலையில் சொருகி ஓடவிட்ட இடத்தில், ரெய்டு 6 இருந்தாலும் ரெய்டு 10 இருந்தாலும் இப்படிப்பட்ட பிழையிலிருந்து காப்பாற்ற முடியாது. டிஸ்க்குகள் தனித்தனியாக, ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் சாகும் என்ற எண்ணத்தின் மேல்தான் ரெய்டு கட்டப்பட்டிருக்கிறது. ஒரே தொகுதியில் பிறந்து, ஒரே நாளில் வேலைக்கு வந்து, ஒரே வெப்பத்தில் ஓடுபவை அந்த எண்ணத்துக்குக் கட்டுப்படுவதில்லை. எனவே, மாற்றியமைக்கும் வேலையின் முதல் நாளில் திருப்புளியை எடுக்கக் கூடாது. இருக்கும் ஒவ்வொரு டிஸ்க்கின் மாடல் எண், வரிசை எண், ஃபர்ம்வேர் பதிப்பு, ஓடிய மணி நேரம், எந்த அறையில் இருக்கிறது என்பவற்றைத் தாளில் எழுதி, தயாரிப்பாளரின் எச்சரிக்கைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதைச் செய்ய அரை நாள் ஆகும். அந்த அரை நாளுக்குத்தான் ஒப்பந்தத்தில் காசு இல்லை.

வேலை நடக்கும் இரவுகளில் வரும் விபத்துகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. செத்த டிஸ்க் மூன்றாவது அறையில் இருக்க, எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா ஒன்றிலிருந்து தொடங்குகிறதா என்ற குழப்பத்தில் பக்கத்து அறையில் உள்ள நல்ல டிஸ்க்கை இழுத்துவிடுவது இவற்றில் மிகப் பழையது. எந்த டிஸ்க் என்று காட்ட விளக்கைச் சிமிட்ட வைக்கும் வசதி அநேகமாக எல்லாக் கன்ட்ரோலர்களிலும் உண்டு. அதைப் பயன்படுத்தி, சிமிட்டும் விளக்கையும் தாளில் உள்ள வரிசை எண்ணையும் இரண்டு பேர் பார்த்துச் சொன்ன பிறகே கை வைக்க வேண்டும். இன்னொன்று இதைவிடக் கொடுமையானது. பல மாதங்களுக்கு முன் ஒரு டிஸ்க் அமைப்பிலிருந்து விலகியிருக்கும்; மஞ்சள் விளக்கை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்; இப்போது இரண்டாவது டிஸ்க் செத்து, அமைப்பே விழுந்திருக்கும். பதற்றத்தில், முதலில் விலகிய டிஸ்க்கைக் கட்டாயப்படுத்தி மீண்டும் சேர்ப்பார்கள். திரையில் எல்லாம் பச்சையாகிவிடும். ஆனால் அந்த டிஸ்க்கில் இருப்பது பல மாதங்களுக்கு முந்தைய துண்டுகள். அவை இன்றைய துண்டுகளோடு கலந்ததும், தரவுத்தளம் உள்ளுக்குள் சிதைந்துபோகும். வெளிப்படையாக விழுந்து கிடந்ததையாவது வல்லுநர்கள் மீட்டிருக்கலாம். பச்சை விளக்கோடு சிதைந்ததை மீட்பது மிகக் கடினம்.

மூன்றாவது, கன்ட்ரோலரையோ சர்வரையோ மாற்றி டிஸ்க்குகளை அங்கே கொண்டுபோய்ச் சொருகும்போது நேர்வது. புதிய கன்ட்ரோலர் அந்த டிஸ்க்குகளில் எழுதியிருக்கும் கணக்கைக் கண்டு, ‘ஃபாரின் கான்ஃபிகரேஷன்’ (வேறு கன்ட்ரோலர் எழுதிய கணக்கு) இருக்கிறது, இம்போர்ட் செய்யவா (அதை ஏற்கவா), கிளியர் செய்யவா (அழிக்கவா) என்று கேட்கும். இரவு இரண்டு மணிக்கு, தொலைபேசியில் மேலதிகாரி எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டிருக்க, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆன இளைஞர். அவருக்கு யாரும் அந்தத் திரையை முன்கூட்டிக் காட்டியிருக்க மாட்டார்கள். தவறு நேர்ந்தால் பழி அவர் மேல் விழுகிறது. அவரைத் தனியாக அனுப்பிய ஏற்பாட்டின் மேல் விழுவதில்லை. இது எனக்கு நெடுநாளாக வருத்தம் தரும் விஷயம்.

அமைப்பை நிறுத்தாமலேயே ரெய்டு 5ஐ ரெய்டு 6 ஆக மாற்றும் வசதியும், கூடுதல் டிஸ்க்குகளைச் சேர்த்து அமைப்பை விரிக்கும் வசதியும் பல கன்ட்ரோலர்களில் உண்டு. விற்பனைப் பிரசுரத்தில் அழகாக இருக்கும் இந்த வசதி, எல்லா டிஸ்க்குகளிலும் உள்ள எல்லாத் துண்டுகளையும் எடுத்துப் புதிய வரிசையில் எழுதுகிறது. பெரிய அமைப்புகளில் இது நாட்கணக்கில் ஓடும். தொடங்கிய பிறகு பின்வாங்க வழி கிடையாது. நடுவில் ஒரு டிஸ்க் பழுதானால் என்ன ஆகும் என்பதற்குச் சேவை மையங்களில் கிடைக்கும் பதில்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. நான் பரிந்துரைப்பது வேறு வழி. காலி அறைகள் இருந்தால் அவற்றில் புதிய டிஸ்க்குகளைச் சொருகித் தனியாகப் புதிய அமைப்பை உருவாக்கி, அதற்குத் தரவை நகலெடுத்து, சரிபார்த்து, வேலையை அதற்கு மாற்ற வேண்டும். பிறகு சர்வரை நிறுத்தி, பழைய டிஸ்க்குகளை அறை எண் எழுதி ஒட்டி வெளியே எடுத்து, குறைந்தது ஒரு மாதம் பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். எதுவும் தவறினால் அவற்றை அப்படியே திரும்பச் சொருகி, விட்ட இடத்தில் தொடரலாம். பின்வாங்கும் வழி இல்லாத எந்த முறையையும் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன்.

பொருந்தாமை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் இவற்றையெல்லாம் ஆர்டர் கொடுப்பதற்கு முன் கையேட்டைப் படித்தாலே தவிர்த்துவிடலாம். சாஸ் கன்ட்ரோலரில் சாட்டா டிஸ்க் ஓடும்; சாட்டா கன்ட்ரோலரில் சாஸ் டிஸ்க் ஓடாது. இரண்டையும் ஒரே அமைப்பில் கலக்கப் பெரும்பாலான கன்ட்ரோலர்கள் விடுவதில்லை. இரண்டு பிராசஸருக்கு இடமுள்ள சர்வரில் ஒன்று மட்டும் இருந்தால், இரண்டாவதோடு இணைந்த அறைகளில், பிராசஸரோடு நேரடியாக இணையும் என்.வி.எம்.இ. வகை டிஸ்க்குகள் உயிர்பெறுவதில்லை. கூடுதல் அறைகளைப் பொருத்தினால் சில மாடல்களில் மின்விசிறிகளையும் மாற்ற வேண்டும். டிஸ்க்குகளை எல்லாம் மாற்றி முடித்த பிறகு, டிஸ்க்கின் இடத்தைப் பகுதிகளாகப் பிரிக்கும் பழைய எம்.பி.ஆர். முறையில் பிரித்த அமைப்பு 2 டெராபைட்டுக்கு மேல் பார்க்காது என்பது அப்போதுதான் தெரிய வந்து விழிப்பவர்கள் உண்டு. டிஸ்க்கின் வெளி உறையில் எல்லாம் எழுதியிருக்கும் என்றும் நம்ப முடியாது: வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், பல டிஸ்க் சேமிப்பகங்களுக்கென்று விற்ற தனது ரெட் வரிசையின் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்களில், ஒரு தடத்தின் மேல் இன்னொரு தடம் படியும் எஸ்.எம்.ஆர். முறையைப் பயன்படுத்தியிருந்ததை 2020 ஏப்ரலில்தான் ஒப்புக்கொண்டது. அத்தகைய டிஸ்க்குகள் தொடர்ச்சியாக எழுத வேண்டிய ரீபில்டு வேலையில் மிகவும் பின்தங்கிவிடும்.

வாங்குவதற்கு முன் இன்னொன்றையும் பார்க்கச் சொல்வேன். ரெய்டு கன்ட்ரோலரில் கேஷ் என்ற சிறு நினைவகமும், மின்சாரம் போனால் அதில் உள்ளதைக் காக்கும் பேட்டரியும் உண்டு. சில ஆண்டுகளில் அந்தப் பேட்டரி தேய்ந்துவிடும். தேய்ந்ததும் கன்ட்ரோலர் எச்சரிக்கையாகி, கேஷில் எழுதி வைத்துக்கொள்வதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பதிவையும் டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே அடுத்ததை ஏற்கும். கவுன்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு ரசீது அடிக்கும் நேரம் பல மடங்காகத் தெரியும். ‘சர்வர் பழசாகிவிட்டது, ஸ்லோவாகிவிட்டது’ என்று புதியதற்குக் கோப்பு நகரும். சர்வரின் விலையில் மிகச் சிறு பங்கே ஆகும் ஒரு பேட்டரியை மாற்றியதும் பழைய வேகம் திரும்பிய இடங்களை நான் பார்த்திருக்கிறேன். டிஸ்க் வேலைக்குத் திறக்கும்போது இந்தப் பேட்டரியின் நிலையைப் பார்த்து எழுத வேண்டும் என்பது திட்டத்தில் கட்டாயமாக இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது, தரவைத் தனியாக நகலெடுத்து வைக்கும் பேக்கப். ரெய்டு இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்ற கேள்வி இன்றும் என் காதில் விழுகிறது. ரெய்டு டிஸ்க் சாவதிலிருந்து காக்கும். தவறாக அழித்ததை அதே நொடியில் எல்லா டிஸ்க்குகளிலும் உண்மையாக அழித்தும் வைக்கும். பேக்கப் எடுத்திருக்கிறோம் என்ற பதிலும் போதாது; அதிலிருந்து ஒரு முறை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்தோம், கோப்புகள் திறந்தன, கணக்குகள் ஒத்துப்போயின என்ற பதில் வேண்டும். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில், சூப்பர் கம்ப்யூட்டரின் சேமிப்பகத்தைப் பராமரித்த நிறுவனம் பேக்கப் எடுக்கும் கட்டளைத் தொகுப்பான ஸ்கிரிப்டில் செய்த ஒரு மாற்றம், 77 டெராபைட் அளவுள்ள சுமார் 3.4 கோடி கோப்புகளை அழித்துவிட்டது. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் நான்கு குழுக்களின் தரவைப் பேக்கப்பிலிருந்தும் மீட்க முடியவில்லை. பராமரித்த நிறுவனம் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் பொறுப்பேற்பதால் அழிந்த ஆய்வு திரும்புவதில்லை. தென்கொரியாவின் டேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று, யு.பி.எஸ். பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்து, அரசு ஊழியர்கள் பயன்படுத்திய 858 டெராபைட் சேமிப்பகம் எரிந்தது. அளவு பெரியது என்பதால் அதற்கு வெளியிடத்தில் பேக்கப் வைக்கப்படவில்லை என்பது பிறகு தெரிந்தது. தொழில்நுட்பத்தில் நம்மைவிட முன்னால் நிற்கும் நாடுகளிலேயே, இயந்திரங்களில் வேலை நடக்கும் நாள்தான் தரவுக்கு மிக ஆபத்தான நாளாக இருந்திருக்கிறது.

கழற்றிய டிஸ்க்குகள் எங்கே போகின்றன என்பதையும் கேட்க வேண்டும். ரெய்டு 10 அமைப்பிலிருந்து கழற்றிய ஒரு டிஸ்க்கில், அதன் ஜோடியில் உள்ள அனைத்தும் அப்படியே இருக்கும். ரெய்டு 5 அமைப்பிலிருந்து கழற்றியதில் துண்டுகள்தானே இருக்கும் என்று ஆறுதல் கொள்வதும் தவறு. ஒரு துண்டின் அளவு பெரும்பாலும் 64 முதல் 256 கிலோபைட் வரை இருக்கும். ஒருவரின் பெயர், முகவரி, கைப்பேசி எண், கணக்கு எண் கொண்ட நூற்றுக்கணக்கான வரிகளுக்கு அது போதும். பழுதான டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தால்தான் உத்தரவாதத்தில் புதியது தருவோம் என்பது பொதுவான விதி. கூடுதல் கட்டணத்துக்குப் பழுதானதை நாமே வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் பெரிய சர்வர் நிறுவனங்கள் தருகின்றன. மக்களின் விவரங்களை வைத்திருக்கும் எந்த அலுவலகமும் அந்தக் கட்டணத்தைச் செலுத்தியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறிய பிறகு இது விருப்பத்துக்கு விட்ட விஷயமாக இருக்க முடியாது. அழிக்கும் முறையும் வகைக்கு வகை மாறும்: சுழலும் டிஸ்க்கைக் காந்தப் புலத்தால் அழிக்கலாம், எஸ்.எஸ்.டி.யில் காந்தத்துக்கு வேலையே இல்லை, அதற்கென்று உள்ள அழிப்புக் கட்டளையைக் கொடுக்க வேண்டும் அல்லது சில்லுகளையே நொறுக்க வேண்டும். எடைக்குப் போட்ட பழைய சர்வருக்குள் டிஸ்க்குகள் அப்படியே இருந்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

நான் கேட்பவற்றுக்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. கொள்முதல் அறிவிப்பில் டெராபைட்டோடு நிறுத்தாமல், எந்த ரெய்டு முறை, எத்தனை ஹாட் ஸ்பேர் (ஒரு டிஸ்க் செத்ததும் அதன் இடத்தை எடுக்கத் தயாராக இருக்கும் உபரி டிஸ்க்), கேஷுக்குப் பேட்டரி பாதுகாப்பு உண்டா, எத்தனை டிஸ்க் செத்தாலும் வேலை நிற்கக் கூடாது என்பவற்றையும் எழுதட்டும். பராமரிப்பு ஒப்பந்தத்தில், டிஸ்க் அமைப்பை மாற்றும் வேலையைத் தனி இனமாகப் பிரித்து அதற்கு விலை கேட்கட்டும். அந்த விலைக்குள் முன்னாய்வும், மீட்டுப் பார்த்த பேக்கப் சான்றும், பின்வாங்கும் வழியும், வேலை நடக்கும் இரவில் அனுபவமுள்ள ஒருவர் உடனிருப்பதும் அடங்கட்டும். மீட்டுப் பார்த்த சான்று கையில் இல்லை என்றால் வேலையைத் தொடங்க மறுக்கும் உரிமை, வந்திருக்கும் பொறியாளருக்கு எழுத்தில் இருக்கட்டும். மறுத்ததற்காக அவருடைய நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கக் கூடாது என்ற வரியும் அதோடு சேரட்டும்.

பல அலுவலகங்களில் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் நிதியாண்டைத் தொடர்ந்து ஏப்ரல் முதல் தேதியில் புதுப்பிக்கப்படுகின்றன. சென்ற ஆண்டின் ஒப்பந்தத்தில் தேதியை மட்டும் மாற்றிக் கையெழுத்திடும் வழக்கமும் இருக்கிறது. அந்தக் கோப்புகள் மேசைக்கு வருவதற்கு முன்பே இக்கடிதத்தை வெளியிட்டால், குறைந்தபட்சம் சில அலுவலகங்களிலாவது அந்த வரிகள் சேர வாய்ப்புண்டு என்பதால், விரைவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினி அமைப்புப் பொறியாளர்,
கோயம்புத்தூர்.